ரோட்டோசவுண்ட் ஸ்விங் பேஸ் 66: தப்பையும் சேர்த்தே கேட்க வைக்கும் கம்பி

பேஸ் கிட்டாரில் நிக்கல் கம்பிக்குப் பழகிய கைக்கு இந்தக் கம்பியை மாட்டியதும் முதலில் தெரிவது ஒலி இல்லை, சொரசொரப்பு. விரல் நுனியில் சன்னமான அரம் உரசுகிற மாதிரி இருக்கும். அப்புறம் ஆம்பைப் போட்டு கீழ் ஈ கம்பியைத் தட்டினால், அடியில் தடித்த ஸ்வரமும் மேலே உலோகக் கணகணப்பும் சேர்ந்து வரும். அந்தக் கணகணப்புக்காகத்தான் காசு கொடுக்கிறோம்.

ஸ்டெயின்லெஸ் ஸ்டீல் ரவுண்ட்வவுண்ட், அதாவது மேலே உருண்டை இழை சுற்றியது. நான்கு கம்பிகளின் தடிமன், அங்குலத்தில் ஆயிரத்தில் ஒரு பங்குக் கணக்கில், 45-65-80-105. 1960களில் தி ஹூ குழுவின் ஜான் என்ட்விசில், பேஸ் கிட்டார் பியானோ மாதிரி முழங்க வேண்டும் என்று கேட்டு, ரோட்டோசவுண்டை நிறுவிய ஜேம்ஸ் ஹவ்வோடு சேர்ந்து வடிவமைத்த கம்பி இது. அதுவரை பெரும்பாலோர் வாசித்தது தட்டை இழை சுற்றிய வழவழ ஃப்ளாட்வவுண்ட். அதில் பேஸ் டிரம்ஸுக்குப் பின்னால் தும் தும் என்று அடங்கி நிற்கும். இதற்கு அந்த அடக்கம் எல்லாம் தெரியாது.

யெஸ் குழுவின் கிறிஸ் ஸ்கொயர், ரஷ் குழுவின் கெடி லீ, வெதர் ரிப்போர்ட்டின் ஜாக்கோ பஸ்டோரியஸ் மூவரும் வாசித்தது இதைத்தான். யெஸ், ரஷ் வாசித்த ப்ராக் ராக்குக்கும், ஜாஸும் ராக்கும் கலந்த ஃப்யூஷனுக்கும் ஒரே கம்பியா என்று கேட்டால், ஆமாம். இரண்டிலும் பேஸ் மெலடியைச் சுமக்கிறது, கிட்டாருக்கும் கீபோர்டுக்கும் நடுவே அதற்கும் ஒரு குரல் வேண்டியிருக்கிறது. ஸ்கொயர் போல பிக்கோடு கட்டைவிரல் ஓரமும் கம்பியில் படும்படி வாசித்துப் பாருங்கள். அவருடைய ரிக்கன்பேக்கர் பேஸ் இல்லாவிட்டாலும் அந்த உறுமலில் முக்கால்வாசி வந்துவிடும்.

இந்தக் கம்பியை நான் விடாமல் வாங்குவது ஹார்மோனிக்ஸுக்காக, கம்பியை அழுத்தாமல் லேசாகத் தொட்டு எழுப்பும் ஸ்வரங்களுக்காக. 1976ல் வந்த ஜாக்கோவின் முதல் தனி ஆல்பத்தில் 'போர்ட்ரெய்ட் ஆஃப் ட்ரேசி' கிட்டத்தட்ட முழுக்க ஹார்மோனிக்ஸிலேயே நடக்கும். ஃப்ளாட்வவுண்டில் அதை முயன்றால் பாதி ஸ்வரங்கள் முனகிவிட்டுப் போய்விடும். இதில் ஐந்தாவது ஃப்ரெட்டுக்கு (கழுத்தில் குறுக்கே பதித்த உலோகப் பட்டை) மேலே லேசாகத் தொட்டாலே போதும், மணி மாதிரி நிற்கும். நான்காவது ஃப்ரெட் பக்கம் ஒளிந்திருக்கும் ஹார்மோனிக்ஸ்கூட வாய் திறக்கும், வலது கை, கம்பி முடிகிற பிரிட்ஜ் பக்கம் இருந்தால். பிரிட்ஜ் பக்கத்துப் பிக்கப்பை (கம்பியின் ஒலியைப் பிடிக்கும் காந்தம்) மட்டும் திறந்து வைத்துக்கொள்ளுங்கள்.

ஃப்ரெட்லெஸ், அதாவது ஃப்ரெட் இல்லாத பேஸ் வைத்திருப்பவர்கள் மாட்டுமுன் ஒரு நிமிஷம் யோசியுங்கள். எஃகு ரவுண்ட்வவுண்ட், எந்தக் கம்பெனியுடையதானாலும், வெறும் மர ஃபிங்கர்போர்டை அறுக்கும். ஒவ்வொரு வைப்ரேட்டோவும் மரத்தில் ஒரு கீறல். ஜாக்கோ ஃப்ரெட் இல்லாத தன் 1962 ஃபெண்டர் ஜாஸ் பேஸில், படகுக்குப் பூசுகிற எப்பாக்ஸியை ஃபிங்கர்போர்டில் பூசினார். அவருடைய அந்தப் பாடும் ஒலியில் அந்தக் கெட்டிப் பூச்சுக்கும் பங்குண்டு. உங்களுடையதில் பூச்சு இல்லையென்றால் ஃப்ளாட்வவுண்டோடு சமாதானமாக இருங்கள். ஃப்ரெட் உள்ள பேஸிலும் ஃப்ரெட் தேயத்தான் செய்யும், கொஞ்சம் மெதுவாக.

இன்னொரு தொல்லை ஆயுள். விரல் எண்ணெயும் வியர்வையும் சுற்றுகளுக்கு நடுவே இறங்க இறங்கக் கணகணப்பு மங்கும். வாசித்து முடித்ததும் துணியால் துடைத்தால் கொஞ்சம் தள்ளிப் போகும், அவ்வளவுதான். ரெக்கார்டிங் இருந்தால் அதற்குச் சற்று முன்னால் புதிது மாட்டுங்கள். கம்ப்ரெஸர் (சின்னச் சத்தத்தையும் பெரிய சத்தத்துக்குப் பக்கத்தில் கொண்டுவரும் கருவி) போடுகிறவர்களுக்கு விரல் வழுக்கும்போது வரும் கீச் சத்தமும் பெரிதாகக் கேட்கும். இடது கை கம்பியை விட்டு எழும்பி இறங்கப் பழகினால் குறையும்.

வலது கையால் தேவையில்லாத கம்பியை அமுக்கத் தெரியாதவர்களுக்கு இது கொடுமை. விட்ட ஒவ்வொரு கம்பியும் ஊளையிடும். ஆனால் அதைத் திருத்திக்கொள்ளவும் இதைவிட நல்ல கம்பி எனக்குத் தெரியாது. கர்நாடக இசையோ மெல்லிசையோ, பாடகருக்குப் பின்னால் அமைதியாக வாசிப்பதுதான் உங்கள் வேலை என்றால் நிக்கலே போதும். இதை மாட்டிவிட்டு ட்ரெபிளை முழுக்க இறக்கி வைப்பது வீண் செலவு.