ஜன்னலோர இருக்கைக்கு ஒரு துணை: ஃப்ளைஓவர் கன்ட்ரி செயலி

விமானத்தின் ஜன்னல் வழியே கீழே பார்க்கும்போது, ஓர் ஆறு பாம்பாய் வளைந்து போவதையோ, நிலத்தின் நிறம் சட்டென்று மாறுவதையோ கண்டு, இது எந்த இடம் என்று தெரியாமலே கடந்து வந்த அனுபவம் பலருக்கும் இருக்கும். இருக்கைக்கு எதிரே உள்ள திரையில் ஓடும் வரைபடம் பெருநகரங்களின் பெயர்களோடு நின்றுவிடுகிறது. அந்தக் குறையைப் போக்கவென்றே உருவானது ஃப்ளைஓவர் கன்ட்ரி என்னும் செயலி. அமெரிக்காவின் மினசோட்டா பல்கலைக்கழகத்தைச் சேர்ந்தவர்கள், அந்நாட்டுத் தேசிய அறிவியல் அறக்கட்டளையின் நிதியுதவியோடு உருவாக்கிய இதை, சிகாகோவிலிருந்து சான் ஃபிரான்சிஸ்கோவுக்குச் சென்ற பகல்நேர விமானத்தில், ஏறக்குறைய நான்கரை மணி நேரம் பயன்படுத்திப் பார்த்தேன். இரு கடற்கரைகளுக்கும் இடைப்பட்ட நிலப்பரப்பை, மேலே பறந்து தாண்டிவிட வேண்டிய பகுதி என்று அமெரிக்கர்கள் சற்றே அலட்சியமாகக் குறிப்பிடும் சொல்லைத்தான் இச்செயலி தன் பெயராக வைத்துக்கொண்டிருக்கிறது. உண்மையில் அந்த நிலத்தில்தான் பார்ப்பதற்கு அதிகம் இருக்கிறது.

பயன்படுத்தும் முறை எளிது. புறப்படும் ஊரையும் சேரும் ஊரையும் வரைபடத்தில் குறித்தால், இரண்டுக்கும் இடையிலான பாதையை ஒட்டிய ஒரு பட்டைக்குரிய தகவல்கள் அனைத்தும் போனில் இறங்கிவிடுகின்றன. அதன்பின் இணையம் தேவையில்லை. ஜிபிஎஸ் என்பது செயற்கைக்கோள்களின் சமிக்ஞையைப் பெறுவது மட்டுமே, எதையும் அனுப்புவதில்லை என்பதால், ஃப்ளைட் மோடில் வைத்திருந்தாலும் பெரும்பாலான போன்களில் அது வேலை செய்கிறது. பதிவிறக்கத்தை மட்டும் வீட்டிலேயே முடித்துவிட வேண்டும். முந்தைய ஒரு பயணத்தில் இதைச் செய்யாமல், விமானம் மேலெழுந்த பிறகு செயலியைத் திறந்தேன். வெற்றுத் திரையில் ஒரு நீலப் புள்ளி மட்டும் நகர்ந்துகொண்டிருந்தது. போனை ஜன்னலை ஒட்டியே வைத்திருப்பதும் அவசியம். விமானத்தின் உலோக உடல் சமிக்ஞையைத் தடுப்பதாலும், கைப்பேசி வலையமைப்பின் உதவி மேலே கிடைக்காததாலும், முதன்முறை இடத்தைக் கண்டுபிடிக்கச் சில நிமிடங்கள் பிடிக்கின்றன. அதுவரை பொறுத்திருக்க வேண்டும்.

செயலி தரும் தகவல்கள் பல இடங்களிலிருந்து திரட்டப்பட்டவை: மேக்ரோஸ்ட்ராட் தரவுத்தளத்தின் நிலவியல் வரைபடம், தொல்லுயிர் எச்சங்கள் கிடைத்த இடங்களின் பதிவுகள், விக்கிப்பீடியா கட்டுரைகள். இவற்றுள் விக்கிப்பீடியாவே முதலில் கண்ணில் படுகிறது. ஆனால் ஜன்னலிலிருந்து பார்க்கிறவருக்கு மிகக் குறைவாகப் பயன்படுவதும் அதுதான் என்பது என் கருத்து. பதினொரு கிலோமீட்டர் உயரத்திலிருந்து பார்க்கிறவருக்கு ஒரு சிற்றூரின் மக்கள்தொகையால் ஆவது ஒன்றுமில்லை. நிலவியல் வரைபடம் அப்படியன்று. திரையில் நிறம் மாறும் இடத்தைத் தொட்டால், அங்குள்ள பாறை எவ்வகை, எந்தக் காலத்தது என்று வருகிறது. தலையைத் திருப்பினால் வெளியேயும் நிலத்தின் முகம் மாறியிருக்கிறது. அந்தப் பொருத்தம் முதன்முறை கண்ணுக்குப் பிடிபட்டபோது எனக்கு ஏற்பட்ட மகிழ்ச்சி பெரிது.

நெப்ராஸ்காவின் மேல் பறக்கும்போது முதலில் கண்டது கட்டங்கள். 1785 ஆம் ஆண்டின் நிலச் சட்டம் ஒரு மைல் சதுரங்களாக நிலத்தை அளக்கச் சொன்னதன் விளைவு அது. அக்கட்டங்களுக்குள் சுழல் பாசனக் குழாய்கள் வரைந்த பச்சை வட்டங்கள், ஒவ்வொன்றும் சுமார் 800 மீட்டர் விட்டத்தில், வரிசையாக இருந்தன. பிறகு வலப்புறத்தில் கட்டங்களும் வட்டங்களும் அருகி, போர்வையைச் சுருட்டிப் போட்டாற்போல் புல் மூடிய மேடுகள் தொடங்கின. செயலியைத் தொட்டுப் பார்த்தபோதுதான் அவை மணற்குன்றுகள் என்று தெரிந்தது. சுமார் 50,000 சதுர கிலோமீட்டர் பரப்புள்ள இந்தச் சேண்ட்ஹில்ஸ் பகுதியைப் புல்லின் வேர்களே பிடித்து நிறுத்தியிருக்கின்றன. துணை இல்லாமல் பார்த்திருந்தால், மேய்ச்சல் நிலம் என்று நினைத்துக் கண்களை மூடியிருப்பேன்.

வயோமிங்கின் தென்மேற்கில், வறண்ட மேட்டு நிலத்தின் நடுவே, தொல்லுயிர் எச்சக் குறிகள் குவிந்திருந்தன. மத்தி மீனை ஒத்த சிறு மீன்களின் எச்சங்கள், ஏறத்தாழ 5 கோடி ஆண்டுகளுக்கு முன் அங்கிருந்த ஏரியின் அடியில் படிந்தவை. அடுத்து வந்தது யூட்டாவின் கிரேட் சால்ட் ஏரி. 1959 இல் முடிக்கப்பட்ட ரயில் கரை ஏரியை இரண்டாகத் தடுத்துவிட்டதால், ஆற்று நீர் அதிகம் சேராத வடபகுதி மிகுந்த உப்பேறி, உப்பில் வாழும் நுண்ணுயிரிகளால் செந்நிறம் கொண்டிருக்கிறது, தென்பகுதியோ நீலப்பச்சை. கோடு கிழித்தாற்போல் அந்த எல்லை தெரிந்தது. ஏரியைச் சுற்றியுள்ள மலைச்சரிவுகளில், இன்றைய நீர்மட்டத்துக்கு வெகு மேலே, மெல்லிய படிகளும் தெரிந்தன. பனியுகத்தில் 300 மீட்டர் வரை ஆழமாக இருந்த பான்வில் ஏரியின் பழைய கரைகள் அவை.

ஒன்றைத் தெளிவுபடுத்த வேண்டும். போனின் கேமராவை ஜன்னலில் காட்டினால் மலையின் பெயரைச் சொல்லும் செயலி இது அன்று. விமானம் எதன் மேல் இருக்கிறது என்பதையே இது காட்டுகிறது. நாமோ பக்கவாட்டில் பார்க்கிறோம். நேர் கீழே உள்ள நிலம் ஜன்னலில் தெரிவதே இல்லை. பார்வையை 45 பாகை சாய்த்துப் பார்த்தால், தெரிவது பாதையிலிருந்து சுமார் 11 கிலோமீட்டர் தள்ளியிருக்கும் இடம். தொடுவானமோ ஏறத்தாழ 370 கிலோமீட்டருக்கு அப்பால். ஆகவே நீலப் புள்ளியிலிருந்து நம் ஜன்னல் இருக்கும் பக்கமாக விரலை நகர்த்தித் தேடும் பழக்கம் வேண்டும். விமானம் நிமிடத்துக்கு 14 கிலோமீட்டர் போவதால் தேடலும் விரைவாக நடக்க வேண்டும். முதல் ஒரு மணி நேரம் நான் பார்த்தவற்றில் பாதியைத் தவறாகவே பொருத்தினேன். பிறகு ஆறுகளின் வளைவையும் ஏரிகளின் வடிவத்தையும் அடையாளமாக வைத்துக்கொண்டதும் பிழை குறைந்தது. விமானம் குறித்த பாதையை விட்டு வெகுவாக விலகினால் பதிவிறக்கிய பட்டைக்கு வெளியே போய்விடும் என்பதையும் நினைவில் வைக்க வேண்டும்.

மேற்கு நோக்கிய பயணத்தில் வலப்பக்க இருக்கையைத் தேர்ந்தெடுத்தது நல்லதாயிற்று. வடக்கு நோக்கிய ஜன்னலில் வெயில் கூசவில்லை. ஆனால் இறக்கைக்கு மேலுள்ள வரிசை கூடாது. ஜிபிஎஸ் தொடர்ந்து இயங்குவதால் பேட்டரி வேகமாகக் குறைகிறது. தகவல்கள் முழுக்க ஆங்கிலத்தில் இருப்பதும் பாறைகளின் பெயர்கள் கலைச்சொற்களாகவே வருவதும் நிலவியல் படிக்காதவரைத் தயங்கவைக்கும். காலத்தையும் பாறை வகையையும் மட்டும் படித்தாலே போதுமான அளவு புரிகிறது.

நெவாடாவில், உழுத வயலின் சால்களைப் போல் வடக்குத் தெற்காக மலைத்தொடர்கள் ஒன்றன்பின் ஒன்றாக வந்துகொண்டிருந்தன. பூமியின் மேலோடு கிழக்கு மேற்காக இழுபட்டு முறிந்ததால் உண்டானவை அவை. திரையில் மலைக்கு ஒரு நிறம், பள்ளத்தாக்குக்கு ஒரு நிறம் என்று மாறி மாறி வர, வெளியேயும் அப்படியே வந்தது. சியரா நெவாடா மலைத்தொடரை நெருங்கும்போது மேகம் மூடிவிட்டது. ஜன்னல் வெளுத்துக் கிடக்க, நீலப் புள்ளி கருங்கல் பாறைகளின் நிறத்தின் மேல் நகர்ந்துகொண்டிருந்தது. தரையிறங்கும் அறிவிப்பு வரும்வரை அதைத்தான் பார்த்துக்கொண்டிருந்தேன்.