இலவச மென்பொருளை எனக்கு விலைக்கு விற்றார்கள்

விண்டோஸை நீக்கிவிட்டு லினக்ஸுக்கு மாறியபோது, பல ஆண்டுகளாக விளையாடிவந்த விளையாட்டுகள் என்னவாகும் என்ற கவலை மட்டும் எனக்கு இருந்தது. அந்த நேரத்தில், இணையப் போட்டி விளையாட்டுகள் உட்பட எல்லா விண்டோஸ் விளையாட்டுகளும் லினக்ஸில் ஓடும் என்று உறுதியளித்த ஒரு நிறுவனத்தை நம்பி, ஓராண்டுச் சந்தாவை மொத்தமாகக் கட்டிவிட்டேன்.

அவர்கள் தந்த நிறுவல் ஸ்கிரிப்ட், கணினி முழுவதையும் மாற்றும் அதிகாரம் தரும் ரூட் கடவுச்சொல்லைக் கேட்டது. உள்ளே என்ன எழுதியிருக்கிறது என்று படிக்காமலேயே கொடுத்தேன். (இது முழுக்க என் தவறுதான்.) தனியாக விளையாடும் விளையாட்டுகள் தடையின்றி ஓடின. ஆனால் எதற்காகப் பணம் கட்டினேனோ அந்தப் போட்டி விளையாட்டு, தொடக்கத் திரையைக்கூடத் தாண்டவில்லை. அடுத்த மேம்படுத்தலில் சரியாகும் என்றார்கள். பிறகு உயர்நிலைச் சந்தா எடுத்தால்தான் சரியாகும் என்றார்கள்.

அதன் பின்னரே நிறுவப்பட்ட கோப்புறையைத் திறந்து பார்த்தேன். ஸ்டீம் விளையாட்டுக் கடையை நடத்தும் வால்வ் நிறுவனம் விண்டோஸ் விளையாட்டுகளை லினக்ஸில் ஓட்ட 2018இல் வெளியிட்ட ப்ரோட்டான், அதற்கு அடிப்படையாக 1993 முதல் வளர்ந்துவரும் வைன், விண்டோஸின் டைரக்ட்3டி வரைகலைக் கட்டளைகளை லினக்ஸிலும் இயங்கும் வல்கன் கட்டளைகளாக மாற்றும் டிஎக்ஸ்விகே ஆகியவையே அங்கே இருந்தன. அனைத்தும் இலவசமாகக் கிடைக்கும் கட்டற்ற மென்பொருள்கள். அவற்றை விற்பது குற்றமன்று. உரிம அறிவிப்புகளை அகற்றிவிட்டுத் தங்கள் சொந்தக் கண்டுபிடிப்பாகக் காட்டியதுதான் மோசடி.

அவர்கள் அளித்த வாக்குறுதியோ யாராலும் விற்க முடியாதது. வைன், விண்டோஸ் நிரல்கள் கேட்பவற்றை லினக்ஸ் புரிந்துகொள்ளும் வகையில் மாற்றித் தருகிறதே தவிர, இயங்குதளத்தின் மையப் பகுதியான விண்டோஸ் கர்னலைக் கொண்டுவருவதில்லை. ஆகவே வேலரண்ட் விளையாட்டின் வேன்கார்டு போல கர்னலுக்குள் அமர்ந்து இயங்கும் ஏமாற்றுத் தடுப்பு மென்பொருள் (குறுக்குவழியில் வெல்ல முயல்வோரைக் கண்டுபிடிப்பது) அங்கே வேலை செய்யாது. ஈஸி ஆன்டி சீட், பேட்டில்ஐ ஆகிய வேறு ஏமாற்றுத் தடுப்புகள் 2021 முதல் ப்ரோட்டானில் இயங்கக் கூடியவை என்றாலும், அனுமதிப்பதா மறுப்பதா என்பது விளையாட்டைத் தயாரித்தவர் முடிவு. ஏபெக்ஸ் லெஜண்ட்ஸ் விளையாட்டைத் தயாரித்தவர்கள், தந்திருந்த அனுமதியையே 2024இல் திரும்பப் பெற்றுக்கொண்டார்கள்.

பதிவிறக்கிய பொருளுக்குப் பணம் திரும்பாது என்று எனக்கு விற்ற நிறுவனத்தார் ஒருமுறை எழுதினார்கள். அதற்குப் பின் பதிலே இல்லை. இப்படி யாரிடமாவது பணம் கட்டும் எண்ணம் இருந்தால், முதலில் ப்ரோட்டான்டிபி இணையதளத்தில் அந்த விளையாட்டின் பெயரைத் தேடி, பிற பயனர்கள் எழுதியிருப்பதைப் படியுங்கள். ஸ்டீமுக்கு வெளியே வாங்கிய விளையாட்டுகளுக்கு அவற்றை லினக்ஸில் நிறுவி ஓட்ட உதவும் லூட்ரிஸ், ஹீரோயிக் ஆகிய மென்பொருள்கள் இலவசமாகவே இருக்கின்றன. ரூட் அனுமதியோடு அந்த ஸ்கிரிப்ட் வேறென்ன செய்ததென்று உறுதியாகத் தெரியாததால், வட்டை முழுவதும் அழித்து லினக்ஸை மீண்டும் நிறுவி, எல்லாக் கடவுச்சொற்களையும் மாற்றினேன்.