ஏர் சஸ்பென்ஷனைக் கழற்றி ஸ்பிரிங் போட்டு நாலு வருடம்: 41,000 கிலோமீட்டர் ஓட்டியபின் சொல்கிறேன்

காலையில் பால் வாங்க வெளியே வந்தால் வண்டி ஒரு பக்கம் மண்டி போட்டு உட்கார்ந்திருக்கும். முன்பக்க இடது டயர் மட்கார்டுக்குள் புதைந்து, விரல் நுழைய இடம் இருக்காது. ஸ்டார்ட் செய்தால், ஸ்பிரிங்குக்குப் பதிலாக வண்டியைத் தாங்கும் ரப்பர் காற்றுப் பைகளுக்குக் காற்றடைக்கும் பம்பு ஒரு நிமிடம் கிர்ரென்று ஓடி மெதுவாகத் தூக்கிவிடும். முதல் மாதம் யானை எழுந்திருக்கிற மாதிரி இருக்கிறதே என்று ரசித்துக்கொண்டிருந்தேன். ஆறாவது மாதம் பம்பு எரிந்துவிட்டது.

2007 மாடல் ஜெர்மன் செடான், 2018-ல் கோயம்புத்தூரில் செகண்ட்ஸில் வாங்கியது. கம்பெனி பெயர் வேண்டாம், குற்றம் அவர்களுடையது இல்லை. பதினோரு வருடம் வெயிலிலும் சேற்றிலும் மடங்கி மடங்கி விரிந்த ரப்பர் வேறென்ன செய்யும். 1957-லேயே காடிலாக் எல்டொராடோ ப்ரோம் காற்றுப் பையோடு வந்தது, அதை வாங்கியவர்களிலும் நிறைய பேர் லீக் தொல்லை தாங்காமல் ஸ்பிரிங்குக்கு மாறினார்கள். ஆக இது என் ஒருத்தன் கதை இல்லை.

நான் செய்த முதல் முட்டாள்தனம், பம்பை மட்டும் மாற்றியது. பை லீக்காக இருக்கும்போது பம்பை மாற்றுவது ஓட்டைக் குடத்துக்குப் புதுக் கயிறு வாங்குவது மாதிரி. பட்டறைத் தம்பி சோப்புத் தண்ணீர் அடித்துக் காட்டினான், ரப்பர் மடிப்பில் பொடிப் பொடியாக நுரை. "அண்ணா, பம்பு பாவம்ங்க, அது ஓடி ஓடியே செத்திருக்கு. பைதான் போயிருக்கு" என்றான். அதோடு பம்பு ஓய்வில்லாமல் ஓடினால் காற்றிலிருக்கும் ஈரத்தை உறிஞ்சும் உலர்த்தியும் கெட்டுப்போய், தண்ணீர் வால்வுகள் வரை போய்விடும். ஒன்று போனால் வரிசையாக எல்லாம் போகும்.

ஒரிஜினல் ஸ்ட்ரட் (பையும் ஷாக் அப்சார்பரும் ஒன்றாகச் சேர்ந்தது) முன்பக்கத்துக்கு ஒன்றேகால் லட்சம் வரை சொன்னார்கள். வேறு கம்பெனி பை 55,000. நாலும் ஒரே வயசு, இன்று இடது, நாளை வலது. ஸ்பிரிங் கிட் (நாலு ஸ்பிரிங், ஷாக் அப்சார்பர், எச்சரிக்கை விளக்கை அணைக்க ஒரு சின்னப் பெட்டி) வெளிநாட்டிலிருந்து வரவழைத்து கஸ்டம்ஸ் சேர்த்து 1,38,000 ஆனது. பூட்டக் கூலி 14,000. இது 2021 பிப்ரவரியில்.

முதலில் விட்ட இடத்தில் கிட்டைப் பூட்டிவிட்டு அந்தப் பெட்டியை மாட்டாமல் பம்பு பியூஸை மட்டும் பிடுங்கி அனுப்பிவிட்டார்கள். வீடு வருவதற்குள் டேஷ்போர்டில் 'வண்டி மிகத் தாழ்வு, நிறுத்து' என்று சிவப்பு எழுத்து. அது பரவாயில்லை, பார்த்துச் சரி செய்யலாம். பெரிய தப்பு வேறு. நாலு மூலையிலும் உயரத்தை அளக்கும் சென்சார்கள் உண்டு, என் வண்டியில் ஹெட்லைட் தானாக ஏறி இறங்குவதும் அவற்றை வைத்துத்தான். காற்றுப் பைதான் இல்லையே, சென்சாருக்கு இனி வேலையில்லை என்று முன்பக்கச் சென்சாரின் கம்பியைத் தொங்க விட்டுவிட்டார்கள். ராத்திரி பாலக்காடு ரோட்டில் போனால் வெளிச்சம் பத்தடி முன்னால் தரையைப் பார்த்து விழுகிறது. என்னவென்று புரியவே இரண்டு வாரம் ஆனது. பெட்டி, சென்சார் எல்லாவற்றையும் மேலே சொன்ன தம்பிதான் ஒழுங்காக மாட்டினான், அலைன்மென்ட்டும் அவனே மறுபடி பார்த்தான்.

சரி, ஓட்டம் எப்படி? எல்லோரும் கேட்பது "ரொம்ப ஹார்டா இருக்குமா" என்று. கொஞ்சம் இருக்கும். ஆனால் ஒரு மாதத்தில் பழகிவிடும், அதைப் பெரிய விஷயமாக நான் நினைக்கவில்லை. உண்மையில் இழந்தது வேறு, அதை வாங்கும்போது யாரும் எனக்குச் சொல்லவில்லை. காற்றுப் பையில் ஆள் ஏற ஏற உள்ளே அழுத்தம் கூடும், அழுத்தம் கூடினால் பையின் விறைப்பும் கூடும், அதனால் ஒரு ஆள் போனாலும் ஐந்து ஆள் போனாலும் வண்டி கிட்டத்தட்ட ஒரே மாதிரி அசையும், உயரமும் மாறாது. இரும்பு ஸ்பிரிங்குக்கு இருப்பது ஒரே விறைப்பு. நான் தனியாகப் போகும்போது பின்பக்கம் லேசாகத் துள்ளுகிறது. அம்மா, அக்கா, மாமா எல்லாம் ஏறி டிக்கியில் இரண்டு பெட்டியும் போட்டால்தான் பழைய சொகுசு வருகிறது, ஆனால் அப்போது பின்பக்கம் இறங்கி ஸ்பீட் பிரேக்கரில் அடி தட்டுகிறது! முன்பெல்லாம் ஒரு பட்டனை அழுத்தினால் வண்டி உயர்ந்துகொள்ளும். நம் ஊர் ஸ்பீட் பிரேக்கருக்கு அந்தப் பட்டன் சொகுசு இல்லை, அவசியம். இரண்டாம் வருடம் பின் ஸ்பிரிங்குக்கு அடியில் தடிமனான ரப்பர் பேட் போட்ட பிறகு தட்டுவது பாதியாகக் குறைந்தது.

வால்பாறைக்கு இரண்டு முறை போனேன். நாற்பது கொண்டை ஊசி வளைவிலும் வண்டி முன்பைவிடக் கொஞ்சம் சாய்கிறது, பிரேக் பிடித்தால் மூக்கைக் குத்துகிறது. மாமாவுக்கு வாந்தி வந்தது, ஆனால் அவருக்கு எந்த வண்டியிலும் வரும்.

செலவு என்று பார்த்தால், 17,000 கிலோமீட்டரில் முன்பக்கம் டொக் டொக் சத்தம், ஸ்ட்ரட் மேல் மவுண்ட் மாற்றினோம். 33,000-ல் பின் வலது ஷாக்கில் ஆயில் கசிவு, ஜோடியாக மாற்றினோம். நாலு வருடத்துக்கும் சேர்த்து 19,000 ரூபாய். ஒரு மாதம் சென்னையில் இருந்துவிட்டு வந்து பார்த்தால் வண்டி விட்ட உயரத்திலேயே நின்றது, அந்தத் திருப்திக்கு விலை சொல்லத் தெரியவில்லை. இன்சூரன்ஸுக்கு எழுத்தில் தெரிவித்து பதிலை வாங்கி வைத்திருக்கிறேன், நீங்களும் அதைச் செய்துவிடுங்கள். விற்கும்போது விலை குறையும், விவரம் தெரிந்த ஒருவர் குனிந்து பார்த்துவிட்டு அப்படியே நிமிர்ந்து கிளம்பிவிட்டார்.

மொத்தத்தில் திரும்பக் காற்றுப் பைக்குப் போகமாட்டேன். ஆனால் உங்கள் வண்டியில் ஒரு பை மட்டும் போய், மற்றவை சமீபத்தில் மாற்றியவை என்றால் அந்த ஒன்றை மாற்றிவிட்டு ஓட்டுங்கள், இந்த வேலை வேண்டாம். மாற்றித்தான் ஆகவேண்டும் என்றால் ஆர்டர் போடும் முன் பின் ஸ்பிரிங் இரண்டு விறைப்பில் கிடைக்கிறதா என்று விற்பவரிடம் கேளுங்கள். வீட்டில் எத்தனை பேர் என்பதையும் சொல்லிவிடுங்கள். நான் கேட்கவில்லை.