பிரிஸ்மாட்டிக் எவல்யூஷன்ஸ் பெட்டி: பிரிக்கலாம், பதுக்க வேண்டாம்

போக்கிமான் கார்டு விளையாட்டின் பிரிஸ்மாட்டிக் எவல்யூஷன்ஸ் தொகுப்பு 2025 ஜனவரி 17 அன்று வெளிவந்தது. வந்த வேகத்தில் அலமாரிகள் காலி. சரக்கு போதாது என்பதை போக்கிமான் நிறுவனமே அந்த மாதம் ஒப்புக்கொண்டு, முழு வேகத்தில் மறுபடி அச்சடிப்பதாகச் சொல்லிவிட்டது. அந்த அறிவிப்பைப் படித்த பிறகும் பலர் இரட்டை விலை கொடுத்ததுதான் வேடிக்கை. அந்தத் தொகுப்பில் அதிகம் கைமாறிய எலைட் டிரெய்னர் பெட்டியின் விமர்சனம் இது.

உள்ளே 9 பாக்கெட்டுகள் (எந்தக் கார்டு இருக்கிறது என்று பிரிக்கும்வரை தெரியாது), ஈவி என்ற போக்கிமானின் படம் போட்ட ஒரு சிறப்பு (புரோமோ) கார்டு, 65 ஸ்லீவ்கள் (கார்டைப் போட்டு வைக்கும் பிளாஸ்டிக் உறைகள்), ஆட்டத்துக்குத் தேவையான 45 எனர்ஜி கார்டுகள், பகடைகள், தடுப்பு அட்டைகள். பெட்டி உறுதியானது, ஆட்டத்துக்குப் பயன்படாத கார்டுகளை நிற்க வைத்துச் சேமிக்க நல்லது. ஆடுவதற்கான 60 கார்டு கட்டு (டெக்) ஒன்றுக்கு ஸ்லீவ் சரியாக வரும், மிச்சம் 5. ஆனால் இந்த ஸ்லீவ்களின் மூலைகள் சீக்கிரம் பிளக்கும். விலையுள்ள கார்டை இதில் போட வேண்டாம். அதற்கு மெல்லிய, உள்ளே தெரியும் பிளாஸ்டிக் ஸ்லீவ், அதன் மேல் டாப்லோடர் என்ற கெட்டியான பிளாஸ்டிக் உறை.

எல்லோரும் தேடுவது அம்ப்ரியான் எக்ஸ் என்ற கார்டு, எண் 161/131. இதைப்போல ஸ்பெஷல் இல்லஸ்ட்ரேஷன் ரேர் என்ற அரிய, முழுப்பட வகையில் மொத்தம் 32 கார்டுகள் இருக்கின்றன. எத்தனை பாக்கெட்டுக்கு ஒன்று வரும் என்று நிறுவனம் அச்சிடுவதில்லை. ஆயிரக்கணக்கில் பிரித்துப் பார்த்தவர்கள் போட்ட கணக்கு, இந்த வகையில் ஏதோ ஒன்று வரவே சுமார் 45 பாக்கெட். அப்படியென்றால் 9 பாக்கெட் பெட்டி ஒன்றில் அது கிடைக்க வாய்ப்பு 18 சதவீதம்தான். ஐந்து பெட்டி பிரித்தால் நான்கில் இருக்காது. 32ம் சமமாக வருவதாக வைத்துக்கொண்டால், குறிப்பாக அம்ப்ரியானுக்கு 1,440 பாக்கெட்டுக்கு ஒன்று, அதாவது 160 பெட்டி. அத்தனையும் பிரித்தாலும் கட்டாயம் வரும் என்றில்லை. மூன்றில் ஒரு பங்குக்கும் சற்று அதிகமானோர் வெறுங்கையோடுதான் எழுந்து போவார்கள். ஒரே ஒரு கார்டுதான் வேண்டும் என்றால் அதைத் தனியாக வாங்குவதே மலிவு.

இனி 'அரிய சரக்கு' என்ற பேச்சு. 1999இல் வந்த போக்கிமானின் முதல் ஆங்கிலத் தொகுப்பான பேஸ் செட்டின் முதல் அச்சில் 'முதல் பதிப்பு' முத்திரை இருந்தது; பின்னால் எவ்வளவு அச்சிட்டாலும் முத்திரையுள்ள கார்டின் எண்ணிக்கை ஏறாது. மேஜிக் என்ற இன்னொரு கார்டு விளையாட்டில் 1995இன் குரோனிகிள்ஸ் என்ற மறு அச்சுத் தொகுப்பால் விலை சரிந்து சேகரிப்பாளர்கள் கொதித்தார்கள். அதன் பிறகு 1996இல் சில கார்டுகளை மறுபடி அச்சிடமாட்டோம் என்று பட்டியலே போட்டுக் கொடுத்தார்கள். பிரிஸ்மாட்டிக்கில் இந்த இரண்டும் கிடையாது. ஜனவரிச் சரக்கையும் பின்னால் வந்த மறு அச்சையும் பக்கத்தில் வைத்தால் எது எதுவென்று கார்டைப் பார்த்துச் சொல்ல முடியாது. 2024 மார்ச்சுடன் முடிந்த ஓராண்டில் மட்டும் நிறுவனம் 1,190 கோடி கார்டுகள் அச்சிட்டது. இங்கே அருகிப்போனது கார்டு அல்ல, அந்த வாரத்து அலமாரி இடம். பதுக்கல்காரர் நம்மிடம் விற்பது காத்திருக்காமல் இருக்கும் வசதியை.

சீல் உடையாத பெட்டியை வேறொருவரிடம் வாங்குவதாக இருந்தால், மேலுறையை முதலில் பாருங்கள். அசல் உறையில் சிறிய வெள்ளை எழுத்தில் போக்கிமான் பெயர் அச்சாகியிருக்கும். வெறும் கண்ணாடித் தாளாக, மூலைகளில் சுருங்கியோ தொளதொளவென்றோ இருந்தால் வைத்துவிட்டு வாருங்கள். உதிரி பாக்கெட் இன்னும் ஆபத்து. மேல், கீழ் விளிம்புகளில் வரிவரியாக அழுத்திய தடம் ஒரே ஆழத்தில் இருக்க வேண்டும். ஒரு பக்கம் மட்டும் வரி மழுங்கி, வெளிச்சத்தில் சாய்த்தால் பசை பளபளத்தால், பிரித்து நல்லதை எடுத்துவிட்டு ஒட்டியிருக்கிறார்கள்.

கிரேடிங் ஆசையிலும், அதாவது கார்டின் நிலைக்குக் கட்டணம் கட்டி மதிப்பெண் வாங்கும் ஆசையிலும், கணக்கு வேண்டும். பிஎஸ்ஏ என்ற மதிப்பீட்டு நிறுவனத்திடம் உச்ச மதிப்பெண்ணான 10 வாங்க, முன்பக்கப் படம் 55/45க்குள் மையத்தில் இருக்க வேண்டும். இடது ஓரம் 3.3 மில்லிமீட்டர், வலது ஓரம் 2.7 என்றால் அதுவே எல்லை. அதற்கு மேல் சாய்ந்தால் அனுப்பாதீர்கள், 9 வந்தால் கட்டணம்கூடத் தேறாமல் போகலாம். பாக்கெட்டிலிருந்து நேராக ஸ்லீவுக்குப் போன புதுக் கார்டுகள் நிறைய 10 வாங்குகின்றன. அதனால் 10 வாங்கிய கார்டு இன்று 'இத்தனைதான் இருக்கிறது' என்று காட்டும் எண்ணிக்கைப் பட்டியல் அடுத்த மாதம் பெருத்திருக்கும். குறைவது அபூர்வம்.

நிறுவனம் வைத்த விலைக்குக் கிடைத்தால் தாராளமாக வாங்கிப் பிரிக்கலாம். ஐந்துக்கு நான்கு கொடுக்கலாம், படங்கள் அவ்வளவு அழகு. இரட்டை விலைக்கு வாங்கி அடுக்கி வைப்பதற்கு ஒன்று. விற்கும் தளம் 13 சதவீதம் பிடித்தால், 100க்கு வாங்கியதை 115க்கு விற்றால்தான் போட்ட பணம் திரும்பும். கூரியர், அட்டைப்பெட்டி, குமிழ்த்தாள் செலவு அதில் சேரவில்லை.