ஆடியில் குற்றாலம், தையில் ஈசிஆர்: எண்ணெய்க் குளியலுக்கு எங்கே போகலாம்?

சென்னையிலிருந்து நாலு நாள் எங்காவது போய், எண்ணெய் தேய்த்து உடம்பை ஆற்றிக்கொண்டு வரலாம் என்றால் எங்கள் வீட்டில் இரண்டு இடங்கள்தான் பேச்சில் வரும். ஒன்று குற்றாலம். இன்னொன்று, ஈசிஆரில், அதாவது கிழக்குக் கடற்கரைச் சாலையில், கோவளம் தொடங்கி மாமல்லபுரம் தாண்டி இருக்கும் ஸ்பா ரிசார்ட்டுகள்.

வாடகையையும் தூரத்தையும் மட்டும் பார்த்து ஒருமுறை தவறாக முடிவெடுத்தோம். அம்மாவின் முழங்கால் வலிக்காக ஜூன் கடைசியில் ஈசிஆர் ரிசார்ட் ஒன்றில் மூன்று நாள் தங்கினோம். நல்ல எண்ணெய், தேய்த்துவிட்டவரும் கைதேர்ந்தவர். ஆனால் வெளியே வந்த பத்தாவது நிமிடம் எண்ணெயும் வியர்வையும் சேர்ந்து வழியும். ஏசி அறைக்குள் போனால் முட்டி பிடித்துக்கொள்ளும். மூன்று நாளும் அம்மா கடலைப் பார்த்தது சன்னல் வழியாகத்தான்.

அந்த மாதத்துக் காற்று அப்படி. தென்மேற்குப் பருவக்காற்று மேற்குத் தொடர்ச்சி மலையின் மேற்குப் பக்கம் மழையைக் கொட்டிவிட்டு, காய்ந்து சூடாகித்தான் சென்னைக்கு வருகிறது. மதியம் வரவேண்டிய கடற்காற்றையும் அது பல நாள் சீக்கிரம் உள்ளே விடுவதில்லை.

அதே காற்று குற்றாலத்துக்கு வேறு மாதிரி வருகிறது. ஆரியங்காவு, செங்கோட்டைப் பக்கம் மலைத்தொடர் தணிந்து ஒரு வாசல் விட்டிருக்கிறது. ஈரக்காற்று அதன் வழியே இந்தப் பக்கம் வந்து சாரலாகத் தூவும். குற்றாலத்தின் உயரம் 170 மீட்டருக்குள்தான். ஊட்டி மாதிரி குளிர் நடுக்காது. எண்ணெய் தேய்த்துக்கொண்டு அரைமணி திறந்த திண்ணையில் உட்காரலாம், வியர்க்காது, விறைக்காது. ஆடியைத்தான் மலையாளத்தில் கர்க்கடகம் என்று ஆயுர்வேத சிகிச்சைக்கு உரிய மாதமாக வைத்திருக்கிறார்கள். (அருவியில் எண்ணெய், சோப்பு, ஷாம்புக்குத் தடை உண்டு. எண்ணெயை வெளியே தேய்த்து, கழுவிவிட்டுத்தான் அருவிக்குப் போகவேண்டும். அந்தத் தண்ணீர் சிற்றாறாகி வயலுக்குப் போகிறது.)

ஊரைச் சுற்றிய விவசாயத்தைப் பார்த்தாலே இந்தச் சாரலின் கணக்கு புரிந்துவிடும். மலையடிவாரத்தில் மங்குஸ்தான், ரம்புட்டான். சீசனில் ஐந்தருவி போகும் வழியெல்லாம் கூறு கட்டி விற்பார்கள். கீழே சிற்றாற்றுப் பாசனத்தில் கார் பருவ நெல். கிழக்கே சுமார் 10 கிலோமீட்டர் தள்ளி சுந்தரபாண்டியபுரம் போனால் சாரல் மெலிந்து காற்று மட்டும் மிஞ்சுகிறது. அங்கே வயல் வயலாகச் சூரியகாந்தி. நாங்கள் குற்றாலம் போனபோது அம்மா அந்த வரப்பில் ஊன்றுகோல் இல்லாமல் கால்மணி நேரம் நின்றார். எனக்கு அது போதும்.

சரி, அப்படியானால் ஈசிஆர் வேண்டாமா? தையில் போங்கள். சென்னைக்கு ஆண்டு மழை சுமார் 140 சென்டிமீட்டர், அதில் பாதிக்கு மேல் வடகிழக்குப் பருவமழை. அது ஓய்ந்ததும் திருப்போரூர்ப் பக்கம் ஏரிகள் நிறைந்து கிடக்கும், சம்பா அறுவடைக்கு நிற்கும், வேடந்தாங்கலில் பறவைகள் இருக்கும். காலையில் வெந்நீர் ஒத்தடம் உண்மையிலேயே சுகமாக இருக்கும். ஒன்றரை மணி நேரத்தில் வீட்டுக்குத் திரும்பிவிடலாம் என்பதும் வயதானவர்களுக்குப் பெரிய விஷயம். பங்குனி பிறந்து சாலையோரம் தர்பூசணி குவிந்துவிட்டால், அந்தப் பருவம் முடிந்தது என்று வைத்துக்கொள்ளுங்கள்.

செலவு கட்டுப்படியாகாதவர்கள் அரும்பாக்கம் அரசு யோகா, இயற்கை மருத்துவமனையை விசாரிக்கலாம். மண் சிகிச்சை, நீராவிக் குளியல் எல்லாம் அங்கேயே உண்டு.

குற்றாலத்தில் பயப்படவேண்டியது திடீர் வெள்ளம். 2024 மே மாதம் பழைய குற்றால அருவியில் ஒரு சிறுவனை வெள்ளம் அடித்துக்கொண்டு போய்விட்டது. மலை மேல் பெய்யும் மழை கீழே நிற்பவருக்குத் தெரியாது. போலீஸ் குளிக்கத் தடை போட்டால் வாதாடாதீர்கள். ஐப்பசி, கார்த்திகையில் இந்தத் தடை அடிக்கடி வரும். அந்த இரண்டு மாதமும் எங்கள் கணக்கிலேயே கிடையாது.

எழும்பூரில் இரவு பொதிகை எக்ஸ்பிரஸ் ஏறினால் காலையில் தென்காசி. முன்பதிவு 60 நாள் முன்பே திறந்துவிடும். ஆடி முதல் வாரத்துக்கு வைகாசி பிறந்ததும் உட்கார்ந்து எடுத்துவிடுங்கள். அம்மாவுக்குக் கீழ்ப் படுக்கை கிடைத்தது அப்படித்தான்.