ஒரு கையால் புதினா வளர்க்கும் அம்மாவும் ஒரு ஹைட்ரோபோனிக்ஸ் கிட்டும்

பக்கவாதம் வந்ததிலிருந்து அம்மாவுக்கு வலது கை மட்டும்தான் வேலை செய்கிறது, நடமாட்டம் வீல்சேரில். மொட்டைமாடியில் தொட்டி வைத்து கீரையும் வெண்டையும் வளர்த்தவர், எங்கள் லிஃப்ட் மூன்றாம் மாடியோடு நின்றுவிடும், அதற்கு மேல் படிதான். அதனால் மண் இல்லாமல் உரம் கலந்த தண்ணீரிலேயே செடி வளர்க்கும், 12 குழி, எல்இடி விளக்கு வைத்த இந்த ஹைட்ரோபோனிக்ஸ் கிட்டை 5,200 ரூபாய்க்கு வாங்கினேன். நான்கு மாதம் ஆகிறது.

செடி நன்றாகவே வளர்கிறது. வெயிலே எட்டாத சாப்பாட்டு மேசையில் இருக்கிறது, விளக்கு 16 மணி நேரம் எரிந்து தானாக அணைந்துவிடும். கூட வந்த லெட்யூஸ் விதை எங்களுக்கு வேண்டியதில்லை, கடையில் வாங்கிய புதினாக் கட்டில் நல்ல தண்டாக நாலு எடுத்து அடி இலையை உருவிவிட்டுச் செருகினோம், ஒரு வாரத்தில் வேர் விட்டது. இப்போது துவையலுக்கு அம்மாவே கிள்ளித் தருகிறார்.

ஆனால் இரண்டு உரப் பாட்டில்களின் மூடியையும் அழுத்திக்கொண்டே திருக வேண்டும். ஒரு கையால் எப்படித் திறப்பது? அம்மா பாட்டிலைத் தொடைக்கு நடுவில் இடுக்கிப் பார்த்துவிட்டு ஒன்றும் சொல்லாமல் கீழே வைத்தார், எனக்குக் கோபமே வந்துவிட்டது. இரண்டு உரத்தையும் அமுக்கினால் ஊற்றும் பாட்டில்களில் தனித்தனியாக மாற்றி, பெரிய எழுத்தில் பெயர் ஒட்டி, ஒரு அமுக்குக்கு எத்தனை மில்லி என்று அளந்து கொடுத்தேன். (தண்ணீர் சேர்க்காமல் இரண்டையும் ஒன்றாக ஊற்றாதீர்கள், கால்சியம் படிந்து வீணாகிவிடும்.)

அப்புறம் தண்ணீர் மாற்றுவது. 4 லிட்டர் தொட்டி, அதாவது 4 கிலோ, தூக்கிக் கவிழ்க்கத்தான் வேண்டும், கீழே ஒரு திறப்புகூட இல்லை. மீன்தொட்டிக் கடையில் கிடைக்கும் பந்து வைத்த குழாயை உள்ளே விட்டு, மறுமுனையைத் தரையில் வாளியில் போட்டு, பந்தை நாலு முறை அமுக்கினால் தானாக வடிகிறது. கிட்டை இயக்கும் பொத்தான் பின்பக்கம் இருக்கிறது, திருப்பி வைத்தால் தண்ணீர் அளவு காட்டும் மிதவை மறைந்துவிடும், இதற்கு மட்டும் இன்னும் வழி தெரியவில்லை.

வீல்சேருக்கு வாங்குகிறவர்கள் கால் உள்ளே போகிற மேசையில் வையுங்கள், அலமாரி மேல் வைத்தால் எட்டாது. உரம், குழாய் வேலைகளை முதல் நாளே செய்துகொடுத்துவிட்டால் தாராளமாக வாங்கலாம்.

அம்மா அடுத்து மல்லிக்குத் தயாராகிவிட்டார், சப்பாத்திக் கட்டையை உருட்டி தனியாவை இரண்டாக உடைத்து ஊறப்போட்டிருக்கிறார்.