2020 முதல் இன்றுவரை: மெடிக்கல் ஷாப் கவுண்டரில் எனக்குக் கைகொடுத்த நோய்த் தகவல் தளங்கள்

வேலூர் மாவட்டம் பள்ளிகொண்டாவில் மெடிக்கல் ஷாப் வைத்திருக்கிறேன். கொரோனா வந்த நாளிலிருந்து நோய் எண்ணிக்கைக்கும் சிகிச்சை வழிகாட்டுதலுக்கும் சில இணையதளங்களைத் தொடர்ந்து பார்த்து வருகிறேன். வாட்ஸ்அப்பில் வந்த மருந்துப் பட்டியலை போனில் காட்டி, "அண்ணா, இதுல இருக்கறதெல்லாம் குடுங்க" என்று கேட்டு வந்தவர்கள் அப்போது நிறைய பேர். கொடுக்க முடியாது என்று சொன்னால் மட்டும் போதாது, ஏன் என்று காட்டவும் வேண்டும். அதற்காகப் பழகியவைதான் இவை.

எண்ணிக்கை விஷயத்தில் எனக்கு அதிகம் உதவியது தமிழ்நாடு சுகாதாரத் துறையின் தினசரி அறிக்கை. பலரும் மொத்த எண்ணிக்கையைப் பார்த்துவிட்டு மூடிவிடுவார்கள். நான் இறப்பு விவரம் இருக்கும் பக்கங்களுக்குப் போவேன். பெயர் இருக்காது. வயது, மாவட்டம், ஏற்கெனவே இருந்த நோய்கள், எத்தனை நாள் காய்ச்சலோடும் மூச்சுத்திணறலோடும் வந்து சேர்ந்தார், எப்போது இறந்தார் என்பதெல்லாம் இருக்கும். இரண்டாவது அலையின்போது அந்தப் பக்கங்களில் சர்க்கரையும் ரத்த அழுத்தமும் திரும்பத் திரும்ப வந்தன. மூச்சு முட்டிய பிறகே ஆஸ்பத்திரிக்குப் போனவர்களும் அதில் இருந்தார்கள். அதைப் படித்துவிட்டுத்தான், ஆக்சிமீட்டர் வாங்கியவர்களிடமெல்லாம் ரத்த ஆக்சிஜன் அளவு 94க்குக் கீழே இறங்கினால் காத்திருக்காமல் கிளம்புங்கள் என்று சொன்னேன்.

நம் பக்கத்துக்காரர்கள் கவனிக்க வேண்டிய ஒன்று. வேலூர் மாவட்டம் 2019 நவம்பரில்தான் மூன்றாகப் பிரிந்து ராணிப்பேட்டையும் திருப்பத்தூரும் தனி மாவட்டங்களாயின. 2011 கணக்கெடுப்பில் பழைய வேலூரின் மக்கள்தொகை 39 லட்சத்துக்கும் மேல். இப்போதைய வேலூர் எல்லைக்குள் அதில் சுமார் 16 லட்சம் பேர்தான். லட்சம் பேருக்கு எத்தனை பேர் என்று கணக்குப் போடும்போது புதிய மாவட்டத்தின் நோயாளிகளைப் பழைய மக்கள்தொகையால் வகுத்தால், நோய் பாதிக்கும் கீழே குறைந்ததுபோலத் தெரியும். மாவட்ட வரைபடம் எதைப் பார்த்தாலும் எந்த மக்கள்தொகையை எடுத்திருக்கிறார்கள் என்று முதலில் தேடுங்கள்.

தன்னார்வலர்கள் நடத்திய கோவிட்19இந்தியா தளம் மாவட்டவாரியாகத் தெளிவாக இருந்தது. 2021 அக்டோபர் 31ஆம் தேதியோடு நிறுத்திவிட்டார்கள். உலக நாடுகளின் எண்ணிக்கையைத் தந்த அமெரிக்காவின் ஜான்ஸ் ஹாப்கின்ஸ் பல்கலைக்கழகமும் 2023 மார்ச் 10ஆம் தேதியோடு தகவல் சேகரிப்பை முடித்துக்கொண்டது. 'அவர் வேர்ல்ட் இன் டேட்டா' (Our World in Data) என்ற தளம் இன்னும் இருக்கிறது, இப்போது உலக சுகாதார நிறுவனத்தின் எண்களை எடுத்துத் தருகிறது. நாடுகளை ஒப்பிட அது நல்ல தளம், நம் தாலுகாவைப் பற்றி அதில் எதுவும் கிடைக்காது.

சிகிச்சைக்கு வருவோம். இங்கேதான் உயிர் சம்பந்தப்பட்டிருக்கிறது. உலக சுகாதார நிறுவனத்தின் கோவிட் சிகிச்சை வழிகாட்டியை நான் மிகவும் மதிக்கிறேன். ஒவ்வொரு மருந்துக்கும் பரிந்துரை எவ்வளவு உறுதியானது, அதற்குப் பின்னால் உள்ள ஆதாரம் எவ்வளவு வலுவானது என்று தனித்தனியாகச் சொல்வார்கள். எப்போது மாற்றினார்கள் என்பதும் இருக்கும். ரெம்டெசிவிர் என்ற வைரஸ் எதிர்ப்பு ஊசி வேண்டாம் என்று 2020 நவம்பரில் சொன்னவர்கள், புதிய ஆய்வுகள் வந்த பிறகு 2022 ஏப்ரலில், லேசான நோய்தான், ஆனால் தீவிரமாகும் அபாயம் அதிகம் என்கிறவர்களுக்குக் கொடுக்கலாம் என்று மாற்றினார்கள். "நாளுக்கொரு பேச்சு பேசுறாங்க" என்று சிலர் கோபப்பட்டார்கள். எனக்கு அதனால்தான் நம்பிக்கை கூடியது.

ஸ்டீராய்டு விஷயத்தைத் தனியாகச் சொல்ல வேண்டும். பிரிட்டனின் ரெகவரி ஆய்வு 2020 ஜூனில் டெக்ஸாமெதாசோன் என்ற ஸ்டீராய்டு பற்றிய முடிவை வெளியிட்டது. வென்டிலேட்டரில் இருந்தவர்களின் இறப்பு மூன்றில் ஒரு பங்கும், ஆக்சிஜன் மட்டும் தேவைப்பட்டவர்களின் இறப்பு ஐந்தில் ஒரு பங்கும் குறைந்தன. ஆக்சிஜன் தேவைப்படாதவர்களுக்குப் பலன் இல்லை. வாட்ஸ்அப்பில் சுற்றிய பட்டியல்களில் இந்தக் கடைசி வரி மட்டும் காணாமல் போய்விட்டது. முதல் நாள் காய்ச்சலுக்கே ஸ்டீராய்டு கேட்டு வந்தார்கள், அதிலும் சர்க்கரை நோயாளிகள். ஸ்டீராய்டு சர்க்கரையை ஏற்றிவிடும், அப்படிப்பட்டவர்களைக் கருப்புப் பூஞ்சை எப்படித் தாக்கியது என்று 2021இல் எல்லோரும் பார்த்தோம். அந்த ஆய்வு முடிவைத் தமிழில் பெரிய எழுத்தில் எழுதி கவுண்டர் கண்ணாடியில் ஒட்டினேன். இந்தத் தளங்கள் எல்லாவற்றிலும் எனக்குள்ள பெரிய குறை இதுதான்: சாதாரண ஜனங்கள் படிக்கிற மாதிரி தமிழில் இல்லை.

மத்திய அரசின் வழிகாட்டுதல் ஒரே பக்க விளக்கப்படமாக வந்தது, படிக்க எளிது. ஆனால் மாற்றங்கள் தாமதமாகவே வந்தன. கொரோனாவிலிருந்து குணமானவர்களின் ரத்தத்திலிருந்து எடுக்கும் பிளாஸ்மாவால் பலன் இல்லை என்று 39 மருத்துவமனைகளில் 464 பேரிடம் மத்திய அரசின் மருத்துவ ஆராய்ச்சி அமைப்பான ஐசிஎம்ஆரே நடத்திய ஆய்வு 2020 அக்டோபரில் வெளியானது. வழிகாட்டுதலிலிருந்து பிளாஸ்மாவை எடுத்தது 2021 மே 17 அன்று. அதற்குள் பிளாஸ்மா தானம் கேட்டு எத்தனை குடும்பங்கள் அலைந்தன!

அமெரிக்க தேசிய சுகாதார நிறுவனத்தின் வழிகாட்டி மிக விரிவாக இருந்தது. 2024 ஆகஸ்டில் அந்தத் தளத்தை மூடிவிட்டார்கள். அதன் பக்கங்களை எடுத்துப் போட்ட பழைய கட்டுரைகள் தேடலில் இன்னும் வருகின்றன, தேதி பார்க்காமல் எதையும் எடுக்காதீர்கள்.

இப்போது கடைக்கு வருகிற காய்ச்சல் பெரும்பாலும் வேறு வகை. மத்திய அரசின் நோய்க் கண்காணிப்புத் திட்டமான ஐடிஎஸ்பியின் வாராந்திர அறிக்கையில் எந்த மாவட்டத்தில் என்ன நோய் கிளம்பியிருக்கிறது என்று பார்க்கலாம், ஆனால் அது தாமதமாகத்தான் வரும். அதனால் நான் அதிகம் போவது, மருத்துவ ஆய்வுக் கட்டுரைகளைத் தேடித் தரும் பப்மெட் தளத்துக்கு. கட்டுரைச் சுருக்கம் இலவசம். சிறு பூச்சி கடித்து வரும் ஸ்க்ரப் டைஃபஸ் காய்ச்சல் கடுமையானால், அதற்கு டாக்ஸிசைக்ளின், அசித்ரோமைசின் இரண்டையும் ஊசி வழியாகச் சேர்த்துக் கொடுப்பது தனித்தனியாகக் கொடுப்பதைவிட நல்லது என்று 2023இல் வந்த ஆய்வை நம் வேலூர் சிஎம்சி மருத்துவர்கள் முன்னின்று நடத்தினார்கள். அதைப் படித்ததிலிருந்து, விடாத காய்ச்சலோடு வருகிறவர்களிடம் அந்தக் காய்ச்சலின் அடையாளமான, கருப்பாகப் பொருக்குத் தட்டிய புண் உடம்பில் எங்காவது இருக்கிறதா என்று கேட்கிறேன். இருக்கிறது என்றால் மாத்திரை எடுத்துக் கொடுப்பதில்லை, அன்றைக்கே டாக்டரிடம் அனுப்பிவிடுகிறேன்.